கூட்டி வைத்த வெளிச்சம்

வாசலிலேயே கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள் அம்சவள்ளி. சுனாமிக்கு அடுத்த கோடை அது. மரக்காணம் உப்பளத்தில் வேலை மும்முரம். விடிவதற்கு முன்பே போய்க் கூடை சுமந்தவள், பெண் பார்க்க வருகிறார்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் பாதியில் வந்திருந்தாள். கொஞ்ச நேரம் படுத்தால் போதும் என்றிருந்தது.

அண்ணன் தமிழ்வேந்தன், முந்தின நாள் திண்டிவனத்திலிருந்து வாங்கிவந்த கலர் டிவி முன்னால் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். சித்தப்பா மகளின் கல்யாண சிடி ஓடிக்கொண்டிருந்தது. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் அம்சவள்ளி பட்டுப்புடவையில் நின்றிருந்தாள்.

"இப்ப பாரு, எப்படி இருக்குது?"

அவன் பிரைட்னஸை ஏற்ற ஏற்றத் திரையில் அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. மூக்குத்தி மறைந்தது. கடைசியில் மூக்கே மறைந்தது.

"மூக்கே காணோமேண்ணா."

"மூக்கு யாருக்கு வேணும்? கலரா தெரியிறியா இல்லியா? அவங்க வர்றப்ப இது ஓடிக்கிட்டு இருக்கணும்."

"நல்லாத்தான்டா இருக்குது" என்றாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா ஞானாம்பாள்.

இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் பலகாரம் சாப்பிட்டுப் போய், பெண் நிறம் கம்மி என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியவர்கள்தான். அண்ணனிடம் கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை. குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டாள்.

வெயில் தாழப் பிரம்மதேசத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை புருஷோத்தமன் தலையே நிமிரவில்லை. அவன் அம்மா கொளஞ்சியம்மாள் பாயில் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி காபித் தட்டோடு வந்து நின்றாள். கொளஞ்சியம்மாள் அவளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"டிவில நிக்கிறது யாரு, பொண்ணோட அக்காவா?"

அம்சவள்ளிக்கு வெட்கம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. தட்டைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்தாள். பழக்கமில்லாத கை. முதலில் சத்தம்தான் கூடியது, நாதஸ்வரம் அலறியது. தேடித் தேடிக் கடைசியில் பிரைட்னஸைப் பிடித்துக் குறைத்தாள். புடவையின் மயில்கழுத்து நிறம் தெரிந்தது. பிறகு, மூக்கும் மூக்குத்தியுமாக அவளுடைய கறுத்த முகம்.

"நாந்தாங்க அது. உப்பளத்துல வேலை செய்றேன், அங்க நெழலு கெடையாது. காபி ஆறுதுங்க, குடிங்க."

குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். சேதி எதுவும் வரவேயில்லை.

அன்று அவர்கள் தெருமுனை திரும்பியதுமே தமிழ்வேந்தன் கத்தினான். "உனக்காகத்தானே இவ்ளோவும் பண்றேன்? இப்படிக் கெடுத்துட்டியே!"

"தெரியும்ண்ணா. கல்யாணம் பண்ணிப் போனப்புறம், அந்த வீட்ல தெனமும் யாரு உக்காந்து எனக்கு வெளிச்சம் ஏத்துறது?"

அவன் டிவியை அணைத்துவிட்டு வெளியே போனான். அவள் புடவைகூட மாற்றாமல் சுவரோரம் சுருண்டு படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். ஞானாம்பாள் அவள் தலைக்கடியில் தலையணையைத் தள்ளிவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.