ஒற்றை விரலால் கழன்ற ஹப்

இருபத்திரண்டு வருடம் துருவேறி இறுகிப்போன முன்சக்கர ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் நடுக்குடத்தை, நான் ஒற்றை விரலால் கழற்றினேன். அதுவும் டிரைவர் சீட்டில் சாய்ந்துகொண்டு!

அதற்குள் இருக்கும் பேரிங் தேய்ந்து, கார் விமானம் போல உறுமியது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா ஆள் அனுப்பி வித்துடுவேன்பா," என்று மகன் வீடியோ காலில் சொல்லிவிட்டான். மனைவி போன பிறகு நான் நாலு முகம் பார்ப்பதே அந்தக் காரில் ஏறினால்தான். நானே கழற்றிப் புது ஹப் மாட்டுகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

"மெக்கானிக்கே கைவிட்டுட்டார். நீங்க எப்படி?"

"அவருக்கு நூறு வண்டிடா. எனக்கு ஒண்ணுதான்."

சக்கரத்தைக் கழற்றி இரண்டு நாள் சுத்தியலால் அடித்தேன். அந்தச் சத்தத்தில் காக்கைகள் ஊரையே காலி செய்தன. ஹப் மட்டும் மாமியார் வீட்டில் தங்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி அசையவில்லை.

மூன்றாம் நாள் அதைப் பின்பக்கமிருந்து பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்றைப் பாதி தளர்த்தி, மற்றதைக் கழற்றிவிட்டு, போல்ட் தலைக்கும் காரின் அடிச்சட்டத்துக்கும் நடுவே தடித்த இரும்புத் துண்டைச் செருகினேன். என் விரலும் ஹப்பும் சேர்ந்து தெரியும்படி கதவைத் திறந்து, போனைச் சுவரில் சாய்த்து, மகனைக் கூப்பிட்டு, ஒற்றை விரலால் கழற்றப்போவதாகச் சொன்னேன்.

"கதை விடாதீங்கப்பா."

"கண்ணைச் சிமிட்டாம பாரு."

இன்ஜினை ஓடவிட்டு, ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். பவர் ஸ்டியரிங்கின் பலம் இரும்புத் துண்டை நெட்ட, அது போல்ட்டை நெட்ட, டணார்! ஹப் வெளியே வந்து தொங்கியது. இனி புதியதைப் பொருத்துவது குழந்தை வேலை.

வழக்கம்போல இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"இருக்கியாடா?"

"இருக்கேன்பா. வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். ஒத்தை விரல்தான், நானே பாத்தேன்."