மிதவைக்கு இருபது நாள்

எங்கள் துறைமுகத்தில் படகு கட்ட ஒரு மிதவை கிடைப்பதற்குள் பெற்ற பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும். சும்மா சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மனுப் போட்டபோது எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு. இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று கடிதம் வந்தபோது அவள் புருஷன் வீட்டில் இருந்தாள். பதினாறு வருஷம். அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே மொத்தம் அறுபது மிதவைதான். இந்த ஊரில் உயிரை விட்டாலும் விடுவார்களே தவிர மிதவையை விடமாட்டார்கள்.

மனுப் போட அவர் தனியாகப் போகவில்லை. என் தங்கை வீட்டுக்காரரும் கூடப் போனார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சகலைகள் இருவரும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே படிவம் நிரப்பினார்கள். ஜன்னலில் நீட்டும்போது தங்கை வீட்டுக்காரர், "அண்ணே, நீங்க முதல்ல குடுங்க" என்று ஒதுங்கி நின்றார். அந்த ஒரு மரியாதையில் எங்களவர் முன்னால், அவர் பின்னால். எங்களவருக்கு இடம் கிடைத்து இரண்டு வருஷமாகியும் தங்கை வீட்டுக்காரர் இன்னும் இலவு காத்த கிளிதான். பட்டியலில் அடுத்த பெயர் அவருடையது. எங்களிடமிருந்து மிதவை பறிபோனால் அது நேரே அவருக்குத்தான் போகும்.

பறிபோவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. சும்மா கட்டிப் போட்டு அழகு பார்க்கிறவர்களுக்கு இடம் கிடையாது என்று ஒரு விதி. பருவம் ஆறு மாதம். அதற்குள் படகு இருபது நாளாவது சுவரைத் தாண்டி வெளியே போய் வந்திருக்க வேண்டும். ஓட்டுவது மனுப் போட்டவராக இருக்கலாம், இல்லையென்றால் அவருடன் ஒரே வீட்டில் வசிப்பவராக இருக்கலாம். சுவரின் முனையில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு வாட்ச்மேன். படகு போவதையும் வருவதையும் அவர் நோட்டில் குறிப்பார். இரண்டும் இருந்தால்தான் ஒரு நாள்.

எங்களவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஊரே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். இருபதடிப் படகு, பின்னால் ஒரு மோட்டார், அவ்வளவுதான் அவருடைய கப்பல். இந்த வருஷம் ஏழு நாள் போய் வந்தார். எட்டாம் நாள் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நான்கு மாதத்துக்குத் தண்ணீர்க்குடம்கூடத் தூக்கக்கூடாது, கயிறு இழுக்கும் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் எத்தனை நாள் பாக்கி?"

"என்ன பாக்கி?"

"மிதவைக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்துப் பிழைத்து வந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். ஆனால் அவர் படுக்கையறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கூரைகளுக்கு நடுவே தெரியும் அந்தத் துண்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். சோறு வைத்தால் பாதி சாப்பிடுவார். மருந்து கொடுத்தால் எதற்கு என்று கேட்காமல் விழுங்குவார். எதற்கென்று கேட்டுச் சண்டை போடும் மனுஷன் இப்படி அடங்கிப்போனது எனக்குப் பயமாக இருந்தது. அந்த மிதவையும் போய்விட்டால் இவர் எழுந்து நடக்க மாட்டார் என்று தோன்றிவிட்டது.

எட்டாம் நாள் சொன்னேன், "சாவியைக் குடுங்க. நான் போறேன்."

"நீயா? உனக்குக் குளத்தைப் பாத்தாலே தலை சுத்துமே."

"சுத்தட்டும். உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து சுத்திக்கிட்டுதான் இருக்கு."

ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

நான் தையல்கடைக்காரி. எனக்குத் தெரிந்த கயிறு நூல்கயிறு, தெரிந்த முடிச்சு ஊசிமுனை முடிச்சு. அவர் கட்டில் மேல் பாடம் நடத்தினார். தலையணைதான் துறைமுகம், என் நூல்கண்டுதான் மிதவை. எல்லாமே அவருக்கு பஸ் கணக்கு. "மிதவையும் ஸ்டாப்பிங்கும் ஒண்ணுதான். தூரத்துலயே வேகத்தைக் குறைச்சுடு. காத்துக்கு எதிர்ப்பக்கமா வா. பக்கத்துல வரும்போது வண்டி தானா நிக்கணும். பிரேக் கிடையாது, ஞாபகம் வச்சுக்கோ."

பிரேக் இல்லாத வண்டியை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தான் என்று கேட்டேன்.

முதல் நாள் வாந்தி எடுத்தேன். இரண்டாம் நாளும் எடுத்தேன். மூன்றாம் நாள் வாந்தி எடுத்துக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து மிதவையின் வளையத்தைக் கொக்கிக் கம்பால் பிடிப்பதற்குள் ஐந்து தடவை தவறவிட்டேன். பக்கத்துப் படகுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆறாவது தடவை பிடித்ததும் ஒருவர் கை தட்டினார். அவரைப் பார்த்த பார்வையில் தட்டின கையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான் கிளம்பும்போதெல்லாம் படித்துறையில் ஒரு ஆள் நிற்பார். திரும்பும்போதும் நிற்பார். தங்கை வீட்டுக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று துடைத்த கண்ணாடி. "அண்ணன் எப்படி இருக்கார்? இன்னிக்கு எத்தனாவது நாள் அக்கா?" என்று மெதுவாகக் கேட்பார்.

பத்தாவது, பதினொன்றாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். எனக்கா தெரியாது? பதினெட்டு வருஷம் காத்திருந்தவர் கணக்குப் பார்க்கிறார், எப்போது விழுவோம் என்று நிற்கிறார், அவ்வளவுதான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? அவர் மேல் தப்பில்லை என்று புத்தி சொல்லும். மனசு மட்டும் அந்த ஆளைக் கரித்துக் கொட்டிக்கொண்டே இருக்கும். தங்கை போன் செய்தால்கூட இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவேன்.

நான் போன ஒன்பதாவது நாளில்தான் அந்தக் கூத்து நடந்தது.

மிதவை கரையிலிருந்து தள்ளி இருக்கிறது. ஒரு சின்னப் படகில் துடுப்புப் போட்டுப் போய், பெரிய படகில் ஏற வேண்டும். ஏறியதும் சின்னப் படகை மிதவையில் கட்டிவிட்டுத்தான் பெரிய படகை அவிழ்க்க வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி மாற்றிக் கட்டிவிட்டுக் கரைக்கு வரலாம். அன்றைக்குக் காற்று இல்லை, வயிறும் சமர்த்தாக இருந்தது. வெகுதூரம் போய் மதியம் திரும்பினேன். மிதவையை முதல் தடவையிலேயே பிடித்தேன். யாராவது பார்த்தார்களா என்று பெருமையாகச் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, சின்னப் படகைக் காணோம். காலையில் பெரிய படகிலிருந்து அதை அவிழ்த்தது நினைவிருக்கிறது. மிதவையில் கட்டினது நினைவில்லை. கட்டியிருந்தால்தானே நினைவிருக்கும்?

கூப்பிட்டால் மானம் போகும். கூப்பிடாவிட்டால் ராத்திரி அங்கேதான். கடையில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கால்மணி நேரம் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

படித்துறைப் பக்கமிருந்து ஒரு சின்னப் படகு வந்தது. பேன்ட்டை முழங்கால் வரை மடித்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, கோணல்மாணலாகத் துடுப்புப் போட்டபடி கண்ணாடிக் கடைக்காரர் வந்தார்.

"அக்கா, இது உங்களோடதுதானே? படிக்கட்டுக்குக் கீழ மாட்டிக்கிட்டிருந்தது."

"தம்பி, இதை யார்கிட்டயாவது சொன்னீங்க..."

"சொல்ல மாட்டேன்."

"என் தங்கச்சிகிட்ட?"

"அவகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதானே? சொல்ல மாட்டேன் அக்கா."

அவரே துடுப்புப் போட்டு என்னைக் கரையில் விட்டார். வீட்டில் டிரைவரிடமும் நான் மூச்சு விடவில்லை.

அதன்பிறகு நான்கு நாள் போனேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவருடைய ஏழும் என்னுடைய பதின்மூன்றும் இருபது என்று அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். அன்று சோற்றை முழுதாகச் சாப்பிட்டார். மறுசோறும் கேட்டார்.

பருவத்தின் கடைசி நாள் ஆபீஸில் நோட்டை முடிப்பார்கள். அன்றைக்குப் பார்த்துப் பேய்க்காற்று. சிவப்புக் கொடி ஏற்றி எந்தப் படகும் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கென்ன, எங்கள் கணக்குத்தான் முடிந்துவிட்டதே என்று நிம்மதியாகப் போனேன். நோட்டை முடிக்கும்போது பட்டியலில் அடுத்து இருப்பவரும் கூட இருக்க வேண்டும் என்பது வழக்கம். பெஞ்சின் ஓரத்தில் அதே மடிப்புக் கலையாத சட்டை உட்கார்ந்திருந்தது.

துறைமுக அதிகாரி ஒரு பக்கத்தில் விரல் வைத்து நிறுத்தினார். "பத்தொன்பதுதாம்மா இருக்கு."

"இருபது சார். நல்லாப் பாருங்க."

"இந்தத் தேதியில நீங்க போனது இருக்கு, வந்தது இல்ல."

அந்தக் கூத்து நடந்த தேதி. வாட்ச்மேனைக் கேட்டார்கள். அன்று மதியம் சுவரின் மறுபக்கத்தில் பாறையில் சிக்கிய ஒரு படகை இழுக்கப் போயிருந்ததாக அவர் சொன்னார். நான் உள்ளே வந்ததை அவர் பார்க்கவில்லை.

"வராம நான் எங்க போவேன் சார்? இதோ நிக்கிறேனே?"

"நிக்கிறது தெரியுதும்மா. அன்னிக்கே வந்தீங்கன்னு உங்க வாயால சொன்னா நான் எழுத முடியாது. பாத்தவங்க யாராவது சொல்லணும்."

காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் போகலாம் என்றால் கொடி ஏறியிருக்கிறது. பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் வாயைத் திறக்காமல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே போதும், மிதவை அவருக்கு. எந்த முகத்தோடு நான் அவரைக் கேட்பது? வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் என்ன சொல்வேன்? நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

தங்கை வீட்டுக்காரர் எழுந்தார். என் பக்கம் குனிந்து, "அக்கா, சொல்லலாமா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்குக்காக அனுமதி கேட்கிறார் என்று புரிந்தது. தலையை ஆட்டினேன்.

"அன்னிக்கு மத்தியானம் இவங்க வந்து மிதவையில கட்டினதை நான் பாத்தேன் சார். நான்தான் கரைக்குக் கூட்டிட்டு வந்தேன். ஒண்ணேகால் மணி இருக்கும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. இது இருபதாச்சுன்னா உங்களுக்கு இடம் இல்ல."

"தெரியும் சார்."

"தேதி, மணியெல்லாம் எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"இவங்க போற நாள்ல, திரும்பிக் கரை ஏறுற வரைக்கும் நான் கடை திறக்கிறதில்ல. அன்னிக்குத்தான் ரொம்ப நேரமாச்சு. கண்ணாடி வாங்க வந்தவர் திட்டிக்கிட்டேதான் வாங்கிட்டுப் போனார். அவருக்கு எழுதின ரசீதுல தேதி இருக்கு."

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். தங்கை வீட்டுக்காரர் அதில் நடந்ததை நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி நோட்டில் இருபது என்று எழுதி முத்திரை குத்தினார். எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் தங்கை வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். நன்றி சொல்லத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

"உங்களுக்கென்ன பைத்தியமா தம்பி? பதினெட்டு வருஷம் காத்துக் கெடந்துட்டு, கைக்கு வந்ததைத் தூக்கிக் குடுத்துட்டு வர்றீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இல்லாமல் அந்த முகம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"தனியாப் படகுல போறதுல என்னக்கா இருக்கு? அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்துல கட்டிட்டு, சேர்ந்து போகலாம்னுதான் அன்னிக்கு மனுவே போட்டேன். அவரை எழுப்பிவிட்டுட்டு அந்த இடத்துல நான் கட்டினா, அப்புறம் யாரோட போறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெரு என்றும் பார்க்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் பாவம், போகிற வருகிறவர்களுக்கு மறைத்தாற்போல் நின்றுகொண்டார்.

"மூணு மாசமா உங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன் தம்பி. கணக்குப் பாக்கத்தான் வந்து நிக்கிறீங்கன்னு."

"தெரியும் அக்கா."

"தெரியுமா? தெரிஞ்சுமா தினமும் வந்தீங்க?"

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே அக்கா."