ஒரு பிடி புழுதி

மகளிர் குழுவில் வயலுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்டும் பயிற்சிக்குப் பூவிழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவள் பன்னிரண்டாவது பாஸ். அதே குழுவில் இருந்த, பத்தாவதில் அறிவியலில் கோட்டைவிட்ட அம்சம் என்பவளுக்கு அன்றிலிருந்து வயிறு எரிந்தது.

"தலைக்கு மேல மருந்தைத் தூக்கிக்கிட்டுப் பறக்குது. விழுந்தா யாரு பொறுப்பு?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டாள்.

"கையால தெளிச்சு மூஞ்சியெல்லாம் மருந்தைப் பூசிக்கிறது மட்டும் நல்லதாக்கா?" என்று பூவிழி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அம்சத்துக்கு ஆகவில்லை.

முதல் தெளிப்பைப் பார்க்க ஊரே ரோட்டில் நின்றது. வேளாண்மை அதிகாரியும் வந்திருந்தார். ட்ரோன் சம்பா வயலுக்கு மேலே போனபோது, காற்று திரும்புவது அம்சத்தின் கன்னத்தில் பட்டது. மருந்து இனி ஊர் குளிக்கிற குளத்துப் பக்கம்தான் போகும். போகட்டும், பூவிழி பேர் நாறட்டும் என்று வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

ஆனால் இருபது வருஷம் களத்தில் நெல் தூற்றிய கை சும்மா இருக்குமா? அதுபாட்டுக்கு ரோட்டுப் புழுதியை ஒரு பிடி அள்ளி, காற்றுப் பார்க்க மெல்ல விட்டது. புழுதி குளத்தை நோக்கிப் பறந்தது. பூவிழி அதைப் பார்த்துவிட்டாள். உடனே தெளிப்பை நிறுத்தி ட்ரோனை இறக்கினாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றார் அதிகாரி.

"அம்சம் அக்காதான் சார் புழுதி விட்டுக் காட்டுனாங்க. இல்லன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

ஊர் கைதட்டியது. "என்ன குணம் பாரு இந்தப் பூவிழிக்கு!" என்றார்கள்.

அம்சம் தன் வலது கையை முறைத்தாள்.