இரண்டாவது ஆள்

புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த ஒரு காரை, கையால் தொடாமல், காலால் உதைக்காமல், வெறுமனே உட்கார்ந்தே நிறுத்தியவன் நான். ஏழு பேர் ஏறும் பெரிய கார். எஞ்சின் கதறியது, சக்கரம் அழுதது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். ஆனால் என் மச்சினிக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கும்.

மச்சினி என்றால் என் மனைவியின் தங்கை. நான் சொல்வதில் பாதி பொய் என்று யாராவது சொன்னால், "அவ்வளவு கம்மியாவா?" என்று கேட்கிறவள்.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் குரலைக் கேட்டால் தாமதமாக வந்த ரயில்கள் தலையைக் குனிந்துகொண்டு நுழையும். இந்த நிலையத்தில் நான் அறிவித்தால் அடுத்த நிலையத்தில் தூங்குகிறவன் பெட்டியைத் தூக்குவான். மனைவி போன பிறகு அந்தக் குரலுக்கு வேலையில்லை. வீட்டிலேயே அறிவிக்க ஆரம்பித்தேன். "பயணிகள் கவனத்திற்கு. சமையலறையிலிருந்து கூடம் வழியாகப் படுக்கையறை செல்லும் ஒரே பயணி இப்போது புறப்படுகிறார்." பயணி புறப்படுவார். வழியனுப்ப யாரும் வரமாட்டார்கள். ஃப்ரிட்ஜ் மட்டும் உர்ரென்று பதில் சொல்லும், கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிடும். மகனுக்குப் போன் போட்டால், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பான். உலகத்தில் இத்தனை மீட்டிங் நடந்தும் ஒருவரும் ஒருவரைச் சந்திப்பதாகத் தெரியவில்லை.

மச்சினிதான் ஒருநாள் வந்து நின்றாள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் விளையாடவும் படம் வரையவும் வீட்டுப்பாடம் எழுதவும் வரும் ஒரு மையத்தில் அவள் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர்.

"சுவரோட பேசினது போதும் அத்தான். எங்க சென்டருக்கு வாங்க. ஆனா அங்க வந்து அளக்கக் கூடாது."

"நான் எப்போ அளந்தேன்?"

"உங்க கல்யாணத்துக்கு யானை வந்து முன் வரிசையில உக்காந்துச்சுன்னு சொன்னது யாரு?"

"அது சின்ன யானைம்மா."

சேர்த்துக்கொள்வதற்கு முன் என்னைப் பற்றி விசாரித்தார்கள் பாருங்கள், என் பூர்வீகத்தையே தோண்டிவிட்டார்கள். தோண்டிய இடத்தில் டைனோசர் எலும்பு கிடைத்ததாகக் கேள்வி. பிறகு பயிற்சி. மையத்தின் முதல் விதி இது: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. அறையிலும் கூடாது, வண்டியிலும் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், பார்வை படும் தூரத்தில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். நடைபாதையில் எனக்கு ஒரு நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் ஓவிய அறையும் தெரியும், பேட்மிண்டன் கூடமும் தெரியும். வீட்டில் ஒரே ஆள், இங்கே இரண்டாவது ஆள். என் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பதவி உயர்வு அதுதான்.

அங்கே ஒரு சிறுமி இருந்தாள். நான் வைத்த பெயர் ஜட்ஜம்மா. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், டியூட்டி முடிந்து வர நேரமாகும். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, ஓவிய டீச்சர் கதவைத் திறந்துவைத்து பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருக்க, ஜட்ஜம்மா என் நாற்காலிக்கு எதிரே படியில் உட்கார்ந்து என் வழக்குகளை விசாரிப்பாள்.

"ஒருநாள் நான் அறிவிக்க மறந்துட்டேன். சூரியன் உதிக்காம காத்துக்கிட்டே இருந்துச்சு."

"சாட்சி யாரு?"

"சேவல்."

"சேவல கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் தள்ளுபடி."

நாள் முழுவதிலும் என்னோடு வாதாடுகிற ஒரே உயிர் அவள்தான். அந்த நேரத்துக்காகவே காலையில் சவரம் செய்துகொள்வேன்.

பிறகு அவள் தள்ளுபடி செய்வதை நிறுத்திவிட்டாள். என் கைவசம் இருந்ததிலேயே உயர்ந்த பொய்யை எடுத்து விட்டேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். கையில் புது பேட்மிண்டன் மட்டை இருந்தது. யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டால் ஷூவைப் பார்த்தாள்.

பேட்மிண்டன் கோச் அந்த மையத்தின் செல்லப்பிள்ளை. கோப்பைகளாக வாங்கிக் குவித்தவர். பெற்றோர்கள் அவரைக் கண்டால் பாதி குனிந்தே பேசுவார்கள். அவர் என்னிடம் அடிக்கடி, "தாத்தா, போய் டீ குடிச்சிட்டு வாங்க, இங்க நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். விதிப்படி நான் எழுந்தால் வேறொருவர் வந்து உட்கார வேண்டும் என்பேன். சிரிப்பார். ஒருநாள் ஓவிய டீச்சரை உட்காரவைத்துவிட்டுப் போனேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகத் திரும்பினேன். மதில் ஓரம் கோச்சின் குரல்.

"நாளைக்கு அந்தப் படியில உக்காராத, இங்க வந்துடு. கார்ல நானே வீட்டுல விட்டுடறேன். அம்மாகிட்ட சொல்ல வேணாம். இது நமக்குள்ள."

எதிரே ஜட்ஜம்மா. ஷூவைப் பார்த்தபடி.

நேராக மச்சினியிடம் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக உப்பு, புளி, காரம் எதுவும் சேர்க்காமல், கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அத்தான், போன வாரம் கோச் அடிச்ச பந்து மேகத்துல மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க."

"அது வேற."

"ஒருத்தர் பேரு கெடற விஷயம் இது. நாளைக்கு அவர்கிட்டயே கேக்கறேன். நீங்க யாருகிட்டயும் ஆரம்பிச்சிடாதீங்க."

"அவர்கிட்டயே கேட்டா அவர் என்னம்மா சொல்வாரு?"

"அத்தான், ப்ளீஸ்."

அன்று வீட்டில் அறிவிப்பு எதுவும் இல்லை. ஒரே பயணி கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் கேட்டது தப்பாக இருந்தால் அந்த நாற்காலி போய்விடும். மறுபடியும் சுவர், ஃப்ரிட்ஜ், மீட்டிங்கில் இருக்கும் மகன். நாற்காலி போனால் போகட்டும் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. சொன்னதைக் கேட்கவும் ஆளில்லை.

மறுநாள் காலையில் மச்சினி கோச்சுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். தாத்தா கதை விடுவார்னு உங்களுக்கே தெரியுமே" என்றாராம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் யானை, மேகம், சேவல் எல்லாம் வரிசையாக நின்றன.

மாலையில் ஓவிய டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்தேன். பின்வாசலுக்குப் போனேன். கோச்சின் கார் அங்கே நின்றது, பூட்டியிருக்கவில்லை. பின் சீட்டில் ஏறி பெல்ட்டையும் மாட்டிக்கொண்டேன். ஜட்ஜம்மா பையோடு வந்தாள், என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே கோச். அவசரமாக ஏறி வண்டியைக் கிளப்பியவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

"தாத்தா! இங்க என்ன பண்றீங்க?"

"வண்டியிலயும் இரண்டாவது ஆள் வேணுமே தம்பி. வந்துட்டேன்."

"இறங்குங்க."

"முட்டி பிடிச்சுக்கிச்சு."

"யோவ், இறங்குய்யா!"

கோபத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருந்ததால் எஞ்சின் கதறியது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். பல வருடமாக மடித்து வைத்திருந்த ரயில் நிலையக் குரலை எடுத்து உதறினேன்.

"பயணிகள் கவனத்திற்கு! பின்வாசலில் நிற்கும் இந்த வண்டி இன்று எங்கும் செல்லாது! பாதுகாப்புப் பொறுப்பாளர் உடனே பின்வாசலுக்கு வரவும்!"

மூன்று தெருவிலிருந்த காக்கைகள் ஒன்றாகக் கிளம்பின. எங்கோ ஒரு ரயில் பயந்து நின்றிருக்கும். மையத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. மச்சினி ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் ஓடி வந்தாள். ஓடுகிற எஞ்சினைப் பார்த்தாள், கோச்சைப் பார்த்தாள், பையை மார்போடு அணைத்து நிற்கும் பிள்ளையைப் பார்த்தாள்.

"மேடம், சும்மா வீட்டுல விடலாம்னுதான்..." என்றார் கோச்.

"காலையில அப்படி ஒண்ணுமில்லன்னீங்களே."

அவர் எஞ்சினை அணைத்தார். மச்சினி பிள்ளையிடம் அங்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வாம்மா, உள்ள போலாம். உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று மட்டும் சொன்னாள். போகிற போக்கில் ஜட்ஜம்மா திரும்பினாள்.

"தாத்தா, முட்டி நிஜமாவே பிடிச்சுக்கிச்சா?"

"ஆமா. கல்லு மாதிரி."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "தள்ளுபடி."

அன்றே அவள் அம்மாவுக்கும் அதிகாரிகளுக்கும் போன் போனது. கோச் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. விசாரணையில் என்ன தெரிந்தது என்று எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அது அந்தப் பிள்ளையின் விஷயம். ஊர் முழுக்க அளக்கிற நான் அதை மட்டும் கேட்கவே இல்லை. அம்மா டியூட்டி நேரத்தை மாற்றிக்கொண்டாள். இப்போது ஜட்ஜம்மாவை எல்லாருக்கும் முன்பே வந்து அழைத்துப் போய்விடுகிறாள். நல்லதுதான். கடைசி நேரத்தில் எதிரே படி மட்டும் இருக்கிறது. என் வழக்குகள் நிலுவையில் கிடக்கின்றன.

போன வாரம் புதிய தன்னார்வலர்களுக்குப் பயிற்சி. இரண்டாவது ஆளின் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னிடம் இரண்டு வார்த்தையா! "ஓடுற காரை உக்காந்தே நிறுத்தினவன் நான்" என்று ஆரம்பித்தேன். அறையே சிரித்தது. முன்னால் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மச்சினி பக்கம் திரும்பினார்.

"மேடம், இவரு எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும்தான்," என்றாள் மச்சினி. "யானை பொய். மேகம் பொய். சேவலும் பொய்."

பிறகு திறந்திருந்த கதவு வழியாக நடைபாதை நாற்காலியைப் பார்த்தாள்.

"ஆனா அந்தக் கார் நின்னுச்சு. முந்தின நாளே எங்கிட்ட சொன்னாரு, நான்தான் நம்பல. அது நடந்துச்சு."