ஜாப் கார்டுக்கு நல்ல நேரம்

பெங்களூர் பீன்யாவில், இரும்பு அச்சு செய்யும் அந்த டூல் ரூமுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது தேங்காய் உடைத்தார்கள், மாலை போட்டார்கள், மானிட்டரின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆளான ஹெலன் உட்கார நாற்காலி வர மட்டும் இன்னும் பதினோரு நாள் ஆனது.

ஹெலன் கோலார் தங்கவயல்காரி. அவள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆளும் அவள்தான், டிகிரி வாங்கிய முதல் ஆளும் அவள்தான். விடியுமுன் ரயில், மெஜஸ்டிக்கில் இறங்கி பஸ், சாயங்காலம் அதே பஸ், அதே ரயில். ஒரு நாளில் ஆறு மணி நேரம் தண்டவாளத்துக்கும் தார் ரோட்டுக்கும் போனது. மல்லேஸ்வரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் கட்டில் காலியாக இருந்தது. வேலை நிரந்தரம் என்று கம்பெனி கடிதம் கொண்டு வந்தால்தான் கட்டில் என்றுவிட்டார் வார்டன்.

கடிதம் இல்லாமல் இல்லை. ஜூன் இருபத்து நாலாம் தேதியே டைப் அடித்து, மேனேஜர் கணேசமூர்த்தியின் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நல்ல காரியம் பாரும்மா, ஆடி போகட்டும்" என்றார். ஆடி போனது. "மகாளய பட்சத்துல யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?" என்றார். அதுவும் போனது. இப்போது ஆயுத பூஜை முடியட்டும் என்கிறார். பஞ்சாங்கத்தில் ஹெலனுக்கென்று ஒரு நாள் அச்சடிக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இதற்கு நடுவே, செப்டம்பரில் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு புரோகிராம் எழுது. எந்த ஜாப் எந்த மிஷின்ல எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு தெரியணும். கிரைண்டிங்ல அந்த ஜெயவேலு தூங்குறான். டெலிவரி எல்லாம் அவனாலதான் லேட்டு. முதலாளி மேடத்துக்குப் பேப்பர்ல காட்டணும்."

"காட்டிடலாம் சார். என் லெட்டர்?"

"இதை முடி. பாக்கலாம்."

ஹெலன் நோட்டும் பென்சிலுமாக ஷாப்புக்குள் இறங்கினாள். ஒரு இரும்புத் துண்டு உள்ளே வந்து, அச்சாகி வெளியே போகும்வரை யார் யார் கைக்குப் போகிறது என்று கட்டம் கட்டமாக வரைந்தாள். கடைசல், மில்லிங், ஹார்டனிங், கிரைண்டிங், இன்ஸ்பெக்‌ஷன். கூடவே அந்த வேலையின் விவரம் எழுதிய ஜாப் கார்டும் பயணம் போகும்.

ஸ்ரீராம்புரத்து ஜெயவேலு மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, என்னைப் புடிக்கத்தான் வலை பின்றியா?"

"ஆமாண்ணா."

ஜெயவேலு சிரித்துவிட்டார். "அடேங்கப்பா, மூஞ்சிக்கு நேராவே சொல்றியே! சரி, ஒண்ணு கேளு. கார்டு என் கைக்கு வர்றப்பவே மூலையில வெச்ச குங்குமம் காஞ்சு உதிருது. அது எங்க கெடந்து காஞ்சுதுன்னு உன் பொட்டியில ஒரு கட்டம் போடேன்."

அவர் சொன்னது உண்மை. புது கார்டு எதுவும் நேராக மிஷினுக்குப் போகாது. கணேசமூர்த்தியின் இழுப்பறைக்குள் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தின் முன்னால் மூலையில் குங்குமத்தோடு கிடந்து, நல்ல நேரம் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வரும். கார்டின் தலையில் ஆர்டர் வந்த தேதி, காலில் வேலை முடிந்த தேதி. நடுவில் போன நாட்களெல்லாம் கடைசியாகக் கைவைத்தவன் தலையில் விழும். கடைசி மிஷின் கிரைண்டிங்.

பிள்ளையார் மீது ஹெலனுக்கு ஒரு கோபமும் இல்லை. அவரே பாவம், இழுப்பறைக்குள் அடைபட்டு, மூச்சுவிட வழியில்லாமல் கிடந்தார்.

ஆர்டர் வந்த தேதி வாசல் ரிஜிஸ்டரில் இருந்தது. கார்டு முதல் மிஷினுக்கு வந்த தேதியைக் கடைசல்காரர்களை எழுத வைத்தாள். ஃபாக்ஸ்புரோ மென்பொருளில் ஜாப் நம்பர், கட்டம், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று டேபிள் போட்டாள். முதல் கட்டத்துக்கு 'இழுப்பறை' என்று பெயர் வைத்தாள். வெளியே போன தேதி காலியாக இருந்தால் இன்றுவரை எண்ணச் சொன்னாள். அதிக நாள் காத்திருக்கும் ஜாப் பட்டியலில் மேலே வரும்.

மூன்று வாரம் கழித்து திரையில் அதைப் பார்த்த கணேசமூர்த்தியின் முகம் சுருங்கியது.

"இழுப்பறை எல்லாம் எதுக்கும்மா? எடுத்துடு."

"எடுத்தா கணக்கு உதைக்கும் சார். அந்த நாளெல்லாம் எங்க போச்சுன்னு கம்ப்யூட்டர் கேக்கும்."

"கம்ப்யூட்டர் கேக்குதா, நீ கேக்கறியா?"

"நான் கேட்டா யார் சார் மதிக்கிறாங்க? அதுக்குத்தானே மாலை போட்டீங்க."

"லெட்டர் வேணுமா வேணாமா? வெள்ளிக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள அது போகணும்."

ஹெலன் உட்கார்ந்தாள். அந்தக் கட்டத்தை அழிக்க ஒரே வரி போதும். வரியை அடித்தும்விட்டாள். எண்டரில் விரல் நின்றது. கட்டில் கிடைக்கும், ஜெயவேலுவுக்கு வேலை போகும். அவர் வேலையை மடித்துத் தலையணையாக வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? அடித்த வரியை எழுத்து எழுத்தாக அழித்தாள். வந்த கோபத்தில் புதிதாக ஒரு ஜாபையும் சேர்த்தாள். கையெழுத்துக்குக் காத்திருப்பதெல்லாம் ஜாப்தானே?

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். பத்து இருபத்தைந்துக்கு கணேசமூர்த்தி ஓடிவந்து, பிரிண்டரிலிருந்து தாளைத் தானே கிழித்தார்.

"எடுத்துட்டே இல்ல?"

"படிச்சுப் பாருங்க சார்."

படிக்க அவருக்கு ஏது நேரம்? பத்தரைக்கு முன்னால் தாள் கைமாறியாக வேண்டும். ஹெலனையும் இழுத்துக்கொண்டு போய், இரண்டு கையாலும் முதலாளி லட்சுமம்மாவிடம் பவ்யமாக நீட்டினார். பத்து இருபத்தெட்டு. ரொம்ப நல்ல நேரம்.

லட்சுமம்மா கண்ணாடியை மாட்டி, கன்னட வாடைத் தமிழில் படித்தார்.

"கிரைண்டிங், ஜெயவேலு, சராசரி ஒன்பது மணி நேரம். பரவாயில்லையே. இழுப்பறை, சராசரி ஆறு நாள். ஏன்ரீ கணேசமூர்த்தி, இழுப்பறைன்னு நான் மிஷின் எதுவும் வாங்கலையே?"

கணேசமூர்த்தி தாளை வாங்கக் கை நீட்டினார். லட்சுமம்மா தராமல் முதல் வரிக்குப் போனார்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு நிக்குது, நூத்திப் பதினாறு நாள். ஐட்டம், கன்ஃபர்மேஷன் லெட்டர். கஸ்டமர், ஹெலன். யாரது?"

"நான்தான் மேடம். இன்னும் டெலிவரி ஆகல."

லட்சுமம்மா தாளைக் கீழே வைத்தார். "கொண்டு வாங்கரீ அதை."

கடிதத்தோடு திரும்பி வந்த கணேசமூர்த்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. "மேடம், ராகுகாலம்... பன்னெண்டு மணிக்கு மேல..."

"அப்போ என் பேனாவைத் தரட்டுமா?"

கணேசமூர்த்தி தன் பேனாவிலேயே கையெழுத்துப் போட்டார். கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு போட்டதில் அது யாரோ போட்டது போல இருந்தது. இனி ஒரு கார்டும் இழுப்பறைக்குள் போகக் கூடாது என்று அப்போதே உத்தரவானது. மத்தியானத்துக்குள் பிள்ளையாரும் விடுதலையாகி, காற்றோட்டமாகச் சுவருக்கு வந்து சேர்ந்தார்.

"ராகுகாலத்துல வாங்குன லெட்டரு, வெளங்குமாம்மா?" என்றார் ஜெயவேலு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கட்டில் குடுத்தா போதும்ணா."

கடிதத்தை உதறினாள். மூலையிலிருந்து காய்ந்த குங்குமம் கீபோர்டில் உதிர்ந்தது. ஊதித் தள்ளிவிட்டு, தன் கடிதத்தின் ஜாபைத் திறந்து, 'வெளியே போன நேரம்' என்று காலியாக இருந்த இடத்தை நிரப்பினாள்: 18-10-96, 10.43.