ஹெலியோதோரோவின் பச்சை சைக்கிள்

கொட்டகைக் கூரையை மாற்ற ஆள் வருவதற்கு முந்தின நாள், யோலிமா அங்கே தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பந்தய சைக்கிள்களையும் கீழே இறக்கினாள். சிவப்பு அவளுடைய அப்பா பர்மேனியோவுடையது. பச்சை, அவரோடு ஒரே அணியில் ஓட்டிய ஹெலியோதோரோவுடையது.

"ரெண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுடும்மா" என்றார் பர்மேனியோ. கொட்டகைக்குள் அவர் கால் வைக்கவில்லை.

"சிவப்பை நான் ஓட்டப்போறேன்பா."

"ஓட்டிக்க. பச்சையைத் தொடாத."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் ஊரான சொகமோசோவில் அந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. எண்பத்தொன்றில் நடந்த மாகாணப் பந்தயத்தில், எல் கிரூசேரோ மலையிலிருந்து முதல் ஆளாக இறங்கிக்கொண்டிருந்த ஹெலியோதோரோவின் கையோடு ஹேண்டில்பார் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இடுப்பு நொறுங்கியது. அடுத்த வாரம் தலைநகர் போகோட்டாவின் பெரிய அணி ஒன்றில் அவர் சேர்வதாக இருந்தது. அன்று காலை அணியின் அத்தனை சைக்கிள்களுக்கும் திருகாணி இறுக்கியவர் பர்மேனியோ. அதன்பிறகு அவர் சைக்கிளில் ஏறவில்லை. இரும்பாலை வேலைக்குப் போனார், ஓய்வு பெற்றார். பந்தயம் ஒளிபரப்பானால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

யோலிமா பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். நுணுக்கமான வேலை அவளுக்குக் கைவந்தது. பல்லில் காரை சுரண்டும் கருவியால் சிவப்பு சைக்கிளின் பற்சக்கரங்களில் கெட்டிப்பட்டிருந்த கிரீஸைச் சுரண்டினாள். பால்ரஸ்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். சீட் கம்பிதான் அசைய மாட்டேன் என்றது. நாலு நாள் எண்ணெய் விட்டு, ஐந்தாம் நாள் பலம்கொண்ட மட்டும் திருகியபோது அது முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது. அவள் தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

மூன்றாவது ஞாயிறு சிவப்பு சைக்கிள் பக்கத்து ஊர் திபாசோசா வரை போய்த் திரும்பியது. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள்.

அதற்கப்புறம்தான் பச்சையைத் தொட்டாள். மறைக்கவில்லை, கொட்டகைக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டாள். அவரும் தடுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்த ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் தண்டும் ஒரு சாக்கில் கட்டிக்கிடந்தன. துருவைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது அவள் கை நின்றது.

"அப்பா, கொஞ்சம் வாங்க."

"என்ன?"

"உள்ள வாங்கப்பா."

வந்தார்.

"இந்தத் தண்டு குழாய்க்குள்ள எவ்வளவு ஆழம் இறங்கணும்?"

"நாலு விரல். நான் அப்படித்தான் வைப்பேன்."

"நீங்க வச்ச இடத்துல படிஞ்ச கறை வளையம் இதோ மேல இருக்கு. நாலு விரல் சரியா வருது. ஆனா பிடுங்கின கீறல் எங்க இருக்கு பாருங்க. அடி முனையில மட்டும். ஒரு விரல்கூட உள்ள இல்ல. யாரோ மேல தூக்கி வச்சிருக்காங்க."

பர்மேனியோ அதை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். "நான் தூக்கலை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், யாரோ மறுத்துப் பேசியதுபோல, "நான் தூக்கலைம்மா."

மறுநாள் விடிந்ததும் யோலிமா ஹெலியோதோரோவைப் பார்க்க, சிவப்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு எல் கிரூசேரோ மலை ஏறினாள். உச்சியில் குளிர் காதைக் கடித்தது. அந்தப்பக்கம் இறங்கும்போது எந்த வளைவு அது என்று தேடாமல் இருக்க முடியவில்லை. கீழே ஏரிக்கரையில் அக்கித்தானியா ஊர் முழுக்க வெங்காயத்தாள் வாசனை.

ஹெலியோதோரோ தன் வயல் ஓரத்தில் வெங்காயத்தாளைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்குமுன் சைக்கிளைப் பார்த்துவிட்டார்.

"இது பர்மேனியோ வண்டியாச்சே. செத்துட்டானா?"

"நல்லா இருக்காரு. நான் அவர் பொண்ணு."

அவர் எழுந்து நொண்டியபடி வந்து சீட்டில் கை வைத்தார். யோலிமா தண்டைப் பற்றிச் சொன்னாள். பாதியிலேயே அவர் தலையாட்ட ஆரம்பித்தார்.

"நான்தான் தூக்கினேன். முதுகு வலி. கிளம்ப அஞ்சு நிமிஷம் முன்னாடி, மறைவா நின்னு. உங்கப்பன் பார்த்தா திட்டுவான்னு."

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லணுமா? வண்டி அவன்கிட்டதானே போச்சு. பார்த்த உடனே தெரிஞ்சிருக்கும். என்னால அவன் பேரு கெட்டுச்சுன்னு கோவம், அதான் ஆசுபத்திரிக்கே வரலைன்னு நினைச்சேன்."

"அவருக்குத் தெரியாது. சாக்கைப் பிரிக்கவே இல்லை. தான் சரியா இறுக்கலைன்னு நினைச்சிட்டிருந்தாரு."

ஹெலியோதோரோ கட்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "முப்பத்தெட்டு வருஷமாவா?"

யோலிமா கைபேசியில் அப்பாவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"டேய் பர்மேனியோ. நான் ஹெலியோ. ஹேண்டில தூக்கினது நான்தாண்டா."

அந்தப்பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம், "எவ்வளவு தூக்கின?"

"மூணு விரலுக்கு மேலயே இருக்கும்."

"கழுதை" என்றார் பர்மேனியோ. "கழுதைடா நீ."

"ஆமாண்டா" என்றார் ஹெலியோதோரோ. கண்ணை முழங்கையால் துடைத்தார். கையெல்லாம் வெங்காயம்.

மதியப் பேருந்தில் பர்மேனியோ வந்து இறங்கினார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் கோட்டோடு. இருவரும் கட்டிக்கொள்ளவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். ஏரி மீன் வறுத்துத் தரும் கடையில் உட்கார்ந்து, செத்தவர்கள், இருப்பவர்கள், அந்த வருஷத்து வீரர்களில் யார் யார் தொப்பை போட்டார்கள் என்று பேசிப் பேசி மீனை ஆறவிட்டார்கள். யோலிமா தன் தட்டைக் காலி செய்துவிட்டு அவர்கள் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் பர்மேனியோ கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "அதை இப்படிக் கொடும்மா" என்று சைக்கிளை வாங்கினார். முதல் நாலு மிதி தடுமாறின. யோலிமா எழுந்துவிட்டாள்.

"விடும்மா" என்றார் ஹெலியோதோரோ. "உக்காரு."

ஏரியை ஒட்டிய தட்டைச் சாலையில் பர்மேனியோவின் முதுகு குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தது. வேலித் திருப்பத்தில் மறைந்தார். கடைக்காரம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் அதைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.