எந்த டை?

ஜப்பானிய அனிமே இசையின் எதிர்காலம் சிட்லபாக்கத்தில்தான் தீர்மானிக்கப்படுகிறது. உமேஷின் தலைமையுரையில் வந்த வாக்கியம் இது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினோரு பேர். அவர்களில் நால்வர் அவருடைய மச்சினன்மார், போண்டாவுக்காக வந்தவர்கள்.

அகில இந்திய யுகினா தொமோசே ரசிகர் மன்றத்துக்கு உமேஷ் நிறுவனத் தலைவர். யுகினா தொமோசே ஜப்பானில் அனிமே தொடர்களுக்கு முகப்புப் பாட்டுப் பாடுகிறவர். அனிமேயைக் கார்ட்டூன் என்று யாராவது சொல்லிவிட்டால் உமேஷ் அன்று முழுக்கப் பேசமாட்டார். யுகினாவின் முதல் தொடர் ஆறே வாரத்தில் நின்றுபோனது, பாட்டு நிற்கவில்லை. அதற்குப் பிறகு எழுபது தொடர்கள். கதை மறந்துபோனவர்கள்கூடப் பாட்டை முணுமுணுக்கிறார்கள்.

இருபதாம் ஆண்டுக் கச்சேரிக்கு யுகினா ஓர் அறிவிப்பு விட்டார். ‘கிமி கா டைஜி’ என்ற அவருடைய பிரபலமான வரியை ரசிகர்கள் பாடி அனுப்பலாம். நாட்டுக்கு ஒருவர் யோகோஹாமா மேடைத் திரையில் வருவார். அதற்குப் பின் உமேஷுக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை. ஜப்பானிய மொழியும் தெரியாது. பாட்டுகளை டைரியில் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

ஜப்பானிய வகுப்புக்குப் போனவர் மன்றத்தில் வினிதா மட்டும்தான். ஒத்திகையில் உமேஷ் ‘டைஜி’ என்று பாடியதும் அவள் கையைத் தூக்கினாள்.

“சார், அது அந்த டை இல்ல.”

“எந்த டை? டைன்னுதானே எழுதியிருக்கேன்? கழுத்துல கட்டுவோமே, அந்த டை.”

“இல்ல சார். தலைக்கு அடிப்போமே, அந்த டை.”

கூடத்தில் எல்லோர் கண்ணும் தலைவரின் தலைக்குப் போயிற்று. ஐம்பத்திரண்டு வயதில் அது காக்கை நிறத்தில் மின்னியது. பரம்பரை வாகு என்று அவரே சொல்லியிருந்தார்.

“அக்கா சொல்றது கரெக்டாதான் கீது தலீவரே,” என்றான் திருமுடிவாக்கம் லேத் பட்டறைக்காரன் தீனா. “அந்த டையே அடிச்சுடுங்க.”

“இங்க யாரும் எதுவும் அடிக்கல,” என்றார் உமேஷ். “கட்டற டைதான். ஆரம்பிக்கலாம்.”

சித்திரை வெயிலில், மொட்டை மாடியில், கோட்டும் டையுமாக வீடியோ எடுத்தார்கள். இந்தியாவின் சார்பில் அதுவே தேர்வாயிற்று. வேறு யாரும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

ஞாயிறு மதியம் மன்றம் முழுவதும் உமேஷ் வீட்டு டிவி முன் உட்கார்ந்தது. பிரேசில் பாடியது, வியட்நாம் பாடியது, உமேஷ் பாடினார். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. யுகினா மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பாத்தீங்களா, எவ்வளவு சந்தோஷம்!” என்றார் உமேஷ்.

வினிதா தயங்கினாள். “சார், பாட்டுல வர்றது ‘நீ எனக்கு அருமை’. கட்டற டை போட்டா ஒழிச்சுக்கட்டறதுன்னு அர்த்தம். பூச்சி, பிசாசுக்கெல்லாம் சொல்வாங்க.”

“அப்போ தலீவரு கொசு மருந்து அடிச்சிகினு இருந்தாரா?” என்றான் தீனா.

“உச்சரிப்புக்கு யாராவது சிரிப்பாங்களா? அது அன்பு. திருப்பிப் போடுப்பா, காட்டறேன்.”

தீனா திருப்பிப் போட்டான். அவருடைய முகம் திரை நிறைய வந்த இடத்தில் நிறுத்தினான்.

தலைவரின் காதோரத்திலிருந்து டை கருப்பாக ஒழுகி, வெள்ளைக் காலரில் இறங்கியிருந்தது.